கம்பத்தில் துணி இல்லாத இருபது நிமிடம்

1

கொடிக்காரர் ஓடிக்கொண்டிருந்தார்.

சாப்பிட்ட கை இன்னும் காயவில்லை. ஒரு செருப்பு ஏழாவது படியிலேயே கழன்றுவிட்டது. மேட்டின் உச்சிக்கு நாற்பத்திரண்டு படிகள்.* பாதி ஏறியவர் மறுபடி நிமிர்ந்து பார்த்தார். உச்சியில் கம்பம் இருந்தது. கம்பத்தில் துணி இல்லை.

சாப்பிடப் போகும்போது இருந்தது. அவர் கையாலேயே கட்டிய சிவப்புத் துணி.

கடல் பக்கம் திரும்பினார். முகத்துவாரத்துக்கு வெளியே ஒரு நீலப் படகு தன் மூக்கைக் கரைப் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தது. அதில் இருப்பது யார் என்று அவருக்குத் தெரியும். தங்கச்சி புருஷன். அவர் வாயைத் திறந்து

இங்கே நிறுத்துகிறேன். முப்பது வருடமாக வாராவாரம் இப்படி ஓர் இடத்தில் நிறுத்தித்தான் என் வீட்டில் அடுப்பு எரிகிறது. வாயைத் திறந்தவர் ஏழு நாள் திறந்த வாயோடு நிற்பார். எட்டாவது நாள் கடைக்குப் புத்தகம் வந்ததும் கத்துவார். வழக்கமாக அவ்வளவுதான் காத்திருப்பு. இந்த மனிதரை மட்டும் இருபத்துநாலு வருடமாக நிற்க வைத்திருக்கிறேன்.

(* படிகளை எண்ணியது போன மாதம். அன்றைக்கு எண்ணவில்லை. அன்றைக்கு எனக்கு வேறு வேலை இருந்தது.)

2

கதை பிறந்த கதையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு எங்கிருந்து சுட்டேன் என்று யாரும் கடிதம் போட வேண்டாம்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பகல் பன்னிரண்டரை. மனைவிக்கு மீன் சாப்பிட வேண்டும். கடலோரத்தில் ஒரு சாலை, இருபுறமும் மீன் உணவகங்கள், முப்பத்தொன்று. வாசலுக்கு வாசல் கண்ணாடித் தொட்டி. எல்லாப் பலகையிலும் ஒரே வாசகம்: இன்று பிடித்தது. கடல் நூறு அடியில் இருக்கிறது. மீன் நாலு மணிநேரத் தொலைவிலிருந்து குளிர்பதன லாரியில் வருகிறது. ஊரில் மிச்சம் இருக்கும் ஒரே படகுக்குள் மண் நிரப்பிப் பூச்செடி வைத்திருக்கிறார்கள். அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்ள வரிசை.

ஒவ்வொரு வாசலிலும் ஓர் ஆள் நின்று எதையாவது ஆட்டிக் கார்களைக் கூப்பிடுகிறான். துண்டு, தொப்பி, பிளாஸ்டிக் இறால். பதினேழாவது வாசலில் நின்றவர் ஆட்டவில்லை. சிவப்புத் துணி ஒன்றை இரண்டு கையாலும் தலைக்கு மேலே நேராக உயர்த்தினார். மூச்சுப் பிடித்த மாதிரி கொஞ்ச நேரம் வைத்திருந்தார். பிறகு இறக்கினார்.

என் கால் தானாக பிரேக்கை மிதித்தது. அந்தத் துணியைக் கண்டால் நிற்க வேண்டும் என்று சின்ன வயதில் யாரோ எனக்குச் சொல்லிக் கொடுத்த மாதிரி. சொல்லிக் கொடுத்தது அவரேதான். அப்போது எனக்கு முப்பத்தொரு வயது.

கார்க் கண்ணாடிக்குக் குனிந்தவர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். பெட்டிக்கடை வரைக்கும் போய்விட்டுத் திரும்பியவனைக் கேட்பது போலக் கேட்டார்.

"வந்துட்டீங்களா சார்?"

3

துணியின் சட்டத்தைச் சொல்லிவிட வேண்டும். இதில் புதிர் ஒன்றும் இல்லை.

அந்த ஊர் அப்போது மீன் பிடித்துக்கொண்டிருந்தது. படகுகள் ஓர் ஆற்றின் முகத்துவாரம் வழியாக உள்ளே வர வேண்டும். அங்கே மணல் திட்டு ஒன்று. கடல் ஏறினால் அலை அதன் மேல் செங்குத்தாக எழுந்து உடையும். ஆனால் வெளியே இருக்கும் படகுக்காரனுக்கு அலையின் முதுகு மட்டும்தான் தெரியும். முகம் தெரியாது. முகம் தெரிவது மேட்டில் இருப்பவனுக்குத்தான்.

அதனால் மேட்டில் ஒரு கம்பமும் அதற்கு ஒரு கொடிக்காரரும். கம்பம் ஆள் உயரத்துக்கு மேலே ஒரு முழம். துணியின் இரண்டு முனையிலும் கயிறு. கல்லின் மேல் ஏறி நின்று கட்ட வேண்டும். துணி இருந்தால் வெளியே நில். கம்பம் வெறுமையாக இருந்தால் உள்ளே வா. கடல் என்ன சொன்னாலும் படகுக்காரர்கள் கம்பத்தைத்தான் கேட்பார்கள். தன் கண்ணை நம்பி வந்தவன் மாட்டிக்கொள்வான், கம்பத்தை நம்பியவன் மாட்டியதே இல்லை என்பார்கள். சொல்லும்போது ஒரு பெருமை இருக்கும்.

இன்னொரு வழக்கமும் உண்டு. கொடிக்காரர் சாப்பிடக் கீழே போவது துணி ஏறிய பிறகுதான். துணி இருக்கும்வரை அவர் முடிவெடுக்க எதுவும் இல்லை. கடல் அரை மணியில் இறங்காது.

நான் எதற்கு அங்கே போனேன்? பதினெட்டு வாரத் தொடர் ஒன்று. கடத்தல், கடல், ஒற்றைக்கண் வில்லன். களத்தை நேரில் பார்த்து எழுதுகிறேன் என்று ஆசிரியரிடம் பெருமையடித்து எட்டு நாள் தங்கினேன். கொடிக்காரரோடு தினமும் மேட்டில் உட்கார்ந்திருப்பேன். ஏழாம் நாள் மதியம் அவர் சிவப்பைக் கட்டிவிட்டுச் சாப்பிடப் போனார். நான் மேலேயே இருந்தேன். கடல் அழகாக இருந்தது. துணி அப்போது

(இந்த வாக்கியத்தை ஆறு முறை எழுதிப் பார்த்துவிட்டேன். முடியாமலே இருக்கட்டும்.)

அவர் மூச்சிரைக்க மேலே வந்தபோது துணி கம்பத்தின் அடியில் மண்ணில் கிடந்தது. அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "விழுந்துருச்சா சார்?" என்று கேட்டார்.

நான் தலையை ஆட்டினேன்.

நீலப் படகு கவிழ்ந்ததை இருவரும் மேலிருந்தே பார்த்தோம். அதில் இரண்டு பேர். ஒருவர் நீந்தி வந்தார். தங்கச்சி புருஷன் வரவில்லை.

4

பதினேழாவது உணவகம் அந்தத் தங்கச்சியுடையது. வந்தவர்களை உட்கார வைத்துச் சமைத்துப் போட ஆரம்பித்து, நாலு மேசை பதினாறாகி, இப்போது முதலாளியம்மா. கல்லாவில் மகள். அப்பா போனபோது அவளுக்கு இரண்டு வயது. கொடிக்காரரை அவள் மாமா என்று கூப்பிடுகிறாள். அவள் அம்மா எதுவும் கூப்பிடுவதில்லை.

இருபத்துநாலு வருடமாக அண்ணனோடு பேசவில்லை. ஆனால் வேலை கொடுத்தாள், மூன்று வேளை சாப்பாடு போடுகிறாள், காய்ச்சல் என்றால் மருந்து வாங்கி அனுப்புகிறாள். பேச்சு மட்டும் மகள் வழியாகப் போய்வரும். நாங்கள் உட்கார்ந்த மேசையிலிருந்து மூன்று எட்டில் நடந்தது இது:

"வெயில்ல நிக்க வேணாம்னு அவர்கிட்ட சொல்லு."

மகள் திரும்பவே இல்லை. கொடிக்காரரே பதில் சொல்லிவிட்டார். "வெயில் எனக்குப் பழக்கம்னு அம்மாகிட்ட சொல்லு."

"பழக்கம்னா தலையில எதையாவது போட்டுக்கச் சொல்லு."

"சம்பளம் யார் எனக்குத் தர்றா, தபால்காரிக்கு?" என்று மகள் எங்களைப் பார்த்துக் கேட்டாள். மனைவி சிரித்தாள். முதலாளியம்மாவுக்கும் உதடு லேசாக இழுத்தது. அண்ணன் இருக்கும் பக்கம் திரும்பாமல் சிரிப்பது எப்படி என்று அவளுக்குக் கைவந்திருந்தது.

மனைவி தனக்கு நண்டு சொன்னாள், எனக்கு மீன். "இவருக்கு நண்டே ஆகாது. இந்த ஊர் நண்டுதான் இவர் முன்பல்லை உடைச்சுது. இன்னைக்கும் போட்டோன்னா வாயை மூடிக்குவார்." எல்லாரும் என் வாயைப் பார்த்தார்கள். நான் அதை மூடிக்கொண்டேன்.

மீதியைப் பார்சல் கேட்டோம். பையை வாங்கி நூல் சுற்றிக் கட்டியது கொடிக்காரர். ஒரு முடிச்சு, அதன் மேல் ஒன்று, அதற்கும் மேல் ஒன்று. பிறகு நூலை இழுத்துப் பார்த்தார். திரும்ப இழுத்தார். மாமா கட்டின பார்சலை வீட்டில் அரிவாள்மனையால்தான் பிரிக்க வேண்டும் என்று வாடிக்கையாளர்கள் சண்டைக்கு வருகிறார்களாம், மகள் சொன்னாள். அவர் வெட்கப்பட்டார். "ஒருதரம் அவுந்துபோச்சு சார். அதுல இருந்து கை நம்ப மாட்டேங்குது."

அந்த வாக்கியத்தைச் சாதாரணமாகத்தான் சொன்னார்.

பிறகு சட்டைப் பையிலிருந்து பிளாஸ்டிக் உறை ஒன்றை எடுத்தார். உள்ளே பத்திரிகைத் துணுக்கு. என் படம், தொடர்களின் தலைப்பில் இத்தனை வருடமாக வருகிறதே, நீங்கள் பார்த்திருப்பீர்கள், அந்தக் கறுப்பு வெள்ளைப் படம். பின்னால் வெறும் வானம், தோளில் துண்டு, மூடிய வாயில் ஒரு சிரிப்பு. அவருக்குப் படிக்கும் பழக்கம் இல்லை. படத்தை மட்டும் கத்தரித்து வைத்திருக்கிறார்.

"துண்டை எங்க ஊர் ஆள் மாதிரி போட்டிருக்கீங்க சார். எல்லார்கிட்டயும் காட்டுவேன்."

5

இனி நேர்மையாக ஒரு சந்தேகம். கொடிக்காரரைப் பாத்திரமாக எனக்குப் பிடிபடவில்லை. யாரையும் திட்ட மாட்டேன் என்கிறார். ஒரு துணி விழுந்ததற்காக ஊரே ஒதுக்கிய ஆளுக்குக் கோபம் வேண்டாமா? முதல் வரைவில் நான்காவது பக்கத்தில் அவரை மேசையில் ஓங்கிக் குத்த வைத்தேன். குத்திவிட்டுத் தானே துணி எடுத்து மேசையைத் துடைத்துவிட்டார். அந்த வரியை அடித்துவிட்டேன்.

அவருக்குப் பதிலாகக் குற்றவாளி தேடினேன். அது என் தொழில். முதலில் காற்று. பழைய வானிலைக் குறிப்பைத் தேடிப் பார்த்தேன். அன்று கடலில் ஏற்றம் இருந்ததே தவிரக் காற்று இலை அசையும் அளவுக்குத்தான். அடுத்து மக்கிய துணி. இல்லை, அந்த மாதம்தான் புதுசு வாங்கியிருந்தார்கள். கடைசியாக, படகுக்காரர் மேல் பொறாமை கொண்ட பக்கத்து வீட்டுக்காரன் ஒருவனை உருவாக்கினேன். மீசை வைத்தேன். மேட்டின் பின்பக்கமாக அவனை ஏற விட்டேன். உச்சிக்கு வந்தவன் அங்கே என்னைப் பார்த்துவிட்டு, என்ன செய்வதென்று தெரியாமல் நின்றுவிட்டான்.

என் வரைவுகளை முதலில் படிப்பது மனைவி. மூன்றாவது அத்தியாயத்திலேயே கொலைகாரனைப் பிடித்துவிட்டு, அதைச் சொல்லாமல் காய்கறி நறுக்குபவள். இந்தக் காகிதங்களைப் பென்சில் குறிப்போடு திருப்பிக் கொடுத்தாள்.

பக்கம் 1: படியேறுகிறவர் நிமிர்ந்து பார்க்கிறார், கம்பம் தெரிகிறது. மேலேதானே நீங்கள் இருந்தீர்கள்? நீங்கள் ஏன் தெரியவில்லை?

பக்கம் 5: இந்தக் கதையில் எல்லாரும் ஏதாவது செய்கிறார்கள். நீங்கள் மட்டும் பார்த்துக்கொண்டே இருக்கிறீர்கள்.

அன்று சாப்பிடும்போது அவள் மோரை ஊற்றிவிட்டு, என் வாயையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

6

உணவகத்தில் நடந்ததில் ஒன்றை விட்டுவிட்டேன். மறதி இல்லை.

கணக்கை முடித்துக் கிளம்பும்போது கல்லாவிலிருந்து மகள் எழுந்து வந்தாள். மேட்டுக்கு நடக்கலாமா என்றாள். மேடு இப்போது வாகன நிறுத்தம். முகத்துவாரத்துக்குக் கான்கிரீட் சுவர் எழுப்பிவிட்டார்கள், மணல் திட்டு செத்துப் பல வருடம். கம்பம் இருந்த அதே இடத்தில் ஓர் இரும்புக் கம்பம். அதில் கண்காணிப்புக் கேமரா.

அதைப் பார்த்தபடியே கேட்டாள். தனக்கு அப்பா முகம் நினைவில்லை என்றும், அதனால் தனக்காகக் கேட்கவில்லை என்றும் முதலில் சொன்னாள். அம்மா ஒரு தடவை, ஒரே தடவை சொல்லியிருக்கிறாளாம்: யாராவது வேண்டுமென்றே செய்திருந்தாலாவது அவனைத் திட்டித் தீர்த்துவிட்டு அண்ணனோடு பேசிவிடலாம், அண்ணனே ஏனோதானோ என்று கட்டியதில் புருஷன் போயிருந்தால் எப்படிப் பேசுவது?

"மேல நீங்க மட்டும்தான் இருந்தீங்க. துணி எப்படி விழுந்துச்சு சார்? மாமா சரியாக் கட்டலையா?"

கொடிக்காரர் படியேறி வந்துகொண்டிருந்தார். ஒரு படிக்கு ஒரு மூச்சு. முதலாளியம்மா கீழே வாசலில், இந்தப் பக்கம் பார்க்காத மாதிரி நின்றிருந்தாள்.

படகு கவிழ்ந்த அன்று ஊர்க் கூட்டத்திலும் இதையேதான் கேட்டார்கள். எழுதிக்கொண்டிருந்தேன், கவனிக்கவில்லை என்றேன். எழுத்தாளன் என்பதால் நம்பினார்கள்.

"ஞாபகம் இல்லைம்மா," என்றேன்.

மேலே வந்து சேர்ந்தவர் அதைக் கேட்டார். என் முகத்தைப் பார்த்து, நான் சங்கடப்படுகிறேன் என்று நினைத்துக்கொண்டார். எனக்காகப் பேசினார்.

"சாரை விடும்மா. கட்டுனது நான். நல்லாக் கட்டலை. அவ்வளவுதானே."

7

முடிவுகள். மூன்று எழுதினேன்.

முதல் முடிவில், நீந்திப் பிழைத்த இரண்டாவது ஆள் வெளியூரிலிருந்து திரும்புகிறார். படகு இயந்திரம் ஏற்கெனவே பழுது, துணி இருந்தாலும் கவிழ்ந்திருக்கும் என்கிறார். அண்ணன் தங்கை அழுகிறார்கள். எனக்கே கண் கலங்கியது. அதனால் சந்தேகம் வந்து கிழித்துவிட்டேன். அந்த முடிவில் யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை, குறிப்பாக நான்.

இரண்டாவதில், தங்கச்சி தானாகவே ஒருநாள் "அண்ணே, சாப்பிட வா" என்கிறாள். அவ்வளவுதான், நாலே வரி. அழகாக வந்திருந்தது. மனைவி பென்சிலால் எழுதினாள்: அவள் ஏன் மன்னிக்க வேண்டும், அவர் எதையும் செய்யாதபோது?

(மேலே உள்ள குறிப்பைப் படித்ததும்தான் அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது.)

மூன்றாவது முடிவை எழுதவில்லை, செய்யப் போனேன். போன வியாழக்கிழமை தனியாகக் காரை எடுத்தேன். வழியெல்லாம் வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். "அண்ணே, அந்தத் துணியை" வரைக்கும் சுத்தமாக வந்தது. பதினேழாவது வாசல் தூரத்தில் தெரிந்தது. என் காரை அடையாளம் கண்டு அவர் சிவப்பை இரண்டு கையாலும் நேராக உயர்த்தினார்.

துணி இருந்தால் வெளியே நில். பழைய சட்டம்.

அதைச் சாக்காக வைத்துக் காரைத் திருப்பிவிட்டேன். கண்ணாடியில் பார்த்தேன். துணியைத் தலைக்கு மேல் பிடித்தபடியே நின்றிருந்தார், நான் எதையோ மறந்துவிட்டுப் போகிறேன் என்று நினைத்திருப்பார்.

8

ஆகவே நீங்கள்தான்.

அந்த உணவகத்தில் மேசைக்குக் காத்திருப்பவர்களுக்காக நீள பெஞ்சு போட்டு, பக்கத்தில் வாரப் பத்திரிகைகளை அடுக்கியிருக்கிறார்கள். நான் பார்த்தேன். இந்த இதழும் அங்கே வரும். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் உங்களில் யாராவது ஒருவர் அந்த பெஞ்சில் உட்கார்ந்து, பசியில் பக்கம் புரட்டி, இங்கே வந்து சேர்வீர்கள். வாசலில் சிவப்புத் துணியோடு ஒருவர் நிற்பார்.

மற்றதையெல்லாம் விட்டுவிடுங்கள். மீசைக்காரனையும் கிழித்த முடிவுகளையும் அவருக்குச் சொல்ல வேண்டாம். அடுத்த பகுதியை மட்டும் படித்துக் காட்டினால் போதும். வாய்விட்டுப் படிக்கத் தோதாக எழுதியிருக்கிறேன். கல்லாவுக்குக் கேட்கும்படி கொஞ்சம் சத்தமாக. முதலாளியம்மா அந்தப் பக்கம் திரும்பமாட்டாள், ஆனால் காது கேட்கும்.

இது கோழைத்தனம் என்று நீங்கள் சொல்வது புரிகிறது. மறுக்கவில்லை. அதற்கப்புறம் அங்கே என்ன நடக்கும் என்பது எனக்குத் தெரியாது. பார்க்கப் போவது நீங்கள்.

9

அண்ணே, நான்தான்.

அன்னைக்கு நீங்க சாப்பிடப் போனதும் நான் கேமராவைப் பாறை மேல வெச்சேன். பத்து விநாடியில தானாப் படம் எடுக்கும். தொடருக்கு என் படம் ஒண்ணு வேணும்னு கேட்டிருந்தாங்க. வானம் பின்னால, தோள்ல சிவப்பு இருந்தா எடுப்பா இருக்கும்னு தோணுச்சு. கல்லு மேல ஏறி உங்க துணியைக் கழட்டித் தோள்ல போட்டுக்கிட்டேன். சரியா வர்ற வரைக்கும் எடுத்தேன். இருபது நிமிஷம். அப்புறம் நீலப் படகு திரும்புறதைப் பார்த்தேன். கீழே நீங்க ஓடி வர்ற சத்தமும் கேட்டுது. திரும்பக் கட்டலை. கீழே போட்டுட்டேன்.

உங்க பையில இருக்கிற படத்துல என் தோள்ல இருக்கிறது துண்டு இல்லைண்ணே. பத்திரிகையில கறுப்பு வெள்ளையாப் போட்டுட்டாங்க.

இன்னொண்ணு. இதைத்தான் முக்கியமாச் சொல்லணும். உங்க முடிச்சு அவிழலை. நகத்தால நெம்பிப் பார்த்தேன், அசையலை. பேனாவை விட்டு நெம்பினேன், பேனா வளைஞ்சுது. கடைசியில பல்லால கடிச்சு இழுத்தேன். என் முன்பல்லு உடைஞ்சதுக்கு அப்புறம்தான் அது விட்டுச்சு.